மூன்றாம் பாகத்துத் தியாகி

சூறையன் படத்தின் மூன்றாம் பாகம் வெளிவரவே இல்லை என்ற தகவல் நாமக்கல் மாவட்ட ரசிகர்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாட்ஸாப்பில் வந்தது. அனுப்பியது படம் எடுத்த கம்பெனியேதான். படம் வெளிவந்து பதினோரு வருடம் ஆகிறது.

காரணம் எளிது. மூன்றாம் பாகத்தின் கடைசியில் வில்லன் வரதப்பனைச் சூறையன் கல்குவாரியில் தள்ளிக் கொன்றுவிடுவான். வரதப்பனாக நடித்தவர் அப்போது யாரென்றே தெரியாத ஆள். இப்போது அவருக்கு மார்க்கெட் வந்துவிட்டது. ஒன்பதாம் பாகத்துக்கு அவர் வேண்டும். செத்தவனை எழுப்புவதைவிட, அவன் செத்த படத்தைச் சாகடிப்பது சுலபம் என்று கம்பெனி கண்டுகொண்டது.

கம்பெனி அதைப் படம் என்று சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. எட்டு பாகம், இரண்டு முன்கதை, ஒரு டிவி தொடர், சூறையனின் நாய்க்குத் தனியாக ஒரு படம். எல்லாம் சேர்ந்து ‘சூறையன் உலகம்’. அந்த உலகத்துக்குத் தொடர்ச்சிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அங்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்தக் குழு தீர்மானிக்கும். இரண்டுக்கு அடுத்தது இனிமேல் நான்கு என்று தீர்மானித்தது.

பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். சேலத்தில் பேனர் கிழிந்தது. மேட்டூரில் ஒருவர் மன்ற அட்டையை அணையில் வீசினார். உடனே மாவட்டந்தோறும் மனச் சமாதான முகாம் நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு ரசிகரும் நேரில் வந்து தனித்தனியாகச் சமாதானமாக வேண்டும். கும்பலாகச் சமாதானமாவது ஏற்றுக்கொள்ளப்படாது. மதியம் முட்டை பிரியாணி உண்டு.

வரதப்பன் உயிரோடு இருப்பதில் வேலுமணிக்கு ஆட்சேபணை இல்லை. அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் பலகை அறுக்கிறவர். அவருடைய பிரச்சினை ஓர் ஆணி.

மன்ற அலுவலகச் சுவரில் அந்த ஆணியில் சடையனின் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மாலை, சிவப்பு விளக்கு, கீழே ‘மூன்றாம் பாகத்துத் தியாகி எருமப்பட்டி சடையன்’ என்ற எழுத்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது. மாவட்டத் தலைவர் குருமூர்த்திக்கு போன் போட்டார்.

“தலைவரே, சடையன் போட்டோ எங்கீங்க?”

“எந்தச் சடையன்?”

“நம்ம சடையனுங்க. மூணாம் பாகத்துக்கு…”

“வேலுமணி, அந்த நெம்பரை போன்ல சொல்லாத. எதுவா இருந்தாலும் முகாமுக்கு வா.”

சடையன் செத்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள். மூன்றாம் பாகம் வந்தபோது குருமூர்த்திக்கு அது போதவில்லை. “பாலு எல்லா ஊர்லயும் ஊத்தறானுங்க. முட்டைக்குப் பேரு வாங்குன ஊரு இது. நாம முட்டை மாலை போடறோம்” என்றார். குருமூர்த்திக்குக் கோழிப்பண்ணை இருந்தது. அந்த வாரம் சரக்கு போகாமல் தேங்கிக் கிடந்தது.

அவித்த முட்டையா, பச்சை முட்டையா என்று மன்றத்தில் ஒரு பகல் முழுக்க விவாதம் நடந்தது. அவித்தால் உடையாது, வழுக்காது என்றார் வேலுமணி.

“சூறையன் அண்ணனுக்கு அவிச்ச முட்டையா? அவரென்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கறாரு?” என்று குருமூர்த்தி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான். பச்சை முட்டை என்று தீர்மானம் நிறைவேறியது.

நைலான் வலையில் முட்டைகளை அடைத்து, நாலு பேர் தூக்குகிற கனத்தில் மாலை தயாரானது. சடையன் முட்டை லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தான். அவன் கைபட்டு முட்டை உடைந்ததில்லை என்று மன்றத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி அவனை ஏறச் சொன்னார்கள். அவனும் நம்பி ஏறினான். தியேட்டர் வாசலில் நின்ற சூறையனின் கழுத்துவரை போய்விட்டான். வலை ஓர் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. முட்டைகள் சாரத்தின் சவுக்குக் கட்டைகளின் மேல் உடைந்து வழிந்தன. சடையனின் கால் வழுக்கியது.

காட்சி குறித்த நேரத்தில் தொடங்கியது. சடையனை முட்டை வேனில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் வேலுமணி. வழியிலேயே முடிந்துவிட்டது. அதனால் வேலுமணி மூன்றாம் பாகத்தைப் பார்க்கவில்லை. அப்புறமும் பார்க்கவில்லை. டிவியில் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் அதற்குப் பின்னால் வந்த அத்தனையையும், நாய்ப் படம் உட்பட, முதல் நாளே பார்த்தார். ஒரு மனிதன் உயிரை விட்டது ஒன்றுமில்லாத சங்கதிக்காக என்று ஆகிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பாகத்துக்கும் போய்க் கை வலிக்கத் தட்டிவிட்டு வந்தார்.

போட்டோவுக்கும் ஒரு கதை உண்டு. பெரிதாக்கி மாட்டுவதற்கென்று சடையனின் மனைவி ராசாத்தியிடம் கல்யாண போட்டோவைக் குருமூர்த்தி வாங்கிப் போனார். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். சுவரில் மாட்டியபோது அதில் ராசாத்தி இல்லை. அவள் நின்ற இடத்தில் சூறையன் நின்று சடையனின் தோளில் கை போட்டிருந்தார். “தியாகிக்குப் பக்கத்துல அண்ணன் நின்னாத்தான் மரியாதை” என்று குருமூர்த்தி விளக்கினார். ராசாத்தி அப்போது மாசமாக இருந்தாள். அசல் போட்டோவை ஸ்டுடியோக்காரன் தொலைத்துவிட்டான்.

வருடாவருடம் சடையனின் திதியன்று ராசாத்தி மகள் தேவிப்ரியாவைக் கூட்டிக்கொண்டு எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவாள். மன்றத்துச் சுவருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவாள். இந்த வருடம் அது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. ஆணியைப் பற்றி வேலுமணி சொன்னதும் அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“செவுத்துல மாட்டுனாலும் செரி, ஊட்டுக்குக் குடுத்தாலும் செரிங்கண்ணா. வெள்ளிக்கெழம எனக்கு அந்த போட்டோ வேணும்.”

சேலம் மாவட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, முகாம் நாமக்கல்லில் சேலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் இருந்த பெண்ணிடம் வேலுமணி கேட்டார்.

“ஏனுங்க, போட்டோ வாங்கறதுக்கு எந்தக் கவுண்டருங்க?”

“நீங்க கோபமா, வருத்தமா?”

“தெரியலீங்க.”

“கோபம் ஒண்ணாவது கவுண்டர். வருத்தம் ரெண்டாவது. தெரியாதவங்க ரெண்டுலயும் நிக்கணும்.”

ரெண்டிலும் நின்றார். ஒன்றாவது கவுண்டரில் கோபத்தைக் குறித்துக்கொண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். இரண்டாவதில் வருத்தத்தைக் குறித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது கவுண்டருக்கு எண் போடவில்லை. அந்த எண்ணை முகாமில் எங்கேயும் எழுதக் கூடாது என்று உத்தரவு. அங்கே, கையில் 3 என்று பச்சை குத்தியவர்களுக்கு அதை 8 ஆக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் நெஞ்சில் ‘மூன்று’ என்று தமிழில் எழுத்தாகக் குத்தியிருந்தார். அவரை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையைப் போட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

அடுத்தது மனநல ஆலோசகர் மைதிலியின் மேசை. வேலுமணிக்கு முன்னால் மேட்டூர் அன்பழகன் நின்றார். அட்டையை அணையில் வீசியவர் அவர்தான்.

“நான் சமாதானமாயிட்டேனுங்க மேடம்” என்றார் அன்பழகன். “மனசுக்குள்ள தனியா ஒரு ரூம் கட்டி, அந்தப் படத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். இனி வெளிய வராது.”

“சாவி?”

“என்கிட்டத்தானுங்க.”

“சாவியைக் கம்பெனியில ஒப்படைச்சாத்தான் சமாதானம் செல்லும்.”

“மனசுல இருக்கற சாவிங்க அது.”

“புரியுது. ஒப்படைச்சுட்டேன்னு சத்தமாச் சொல்லுங்க.”

அன்பழகன் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. மைதிலி அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்து தம்மம்பட்டி குமாரசாமி. வயதானவர். “எனக்கு ரெண்டாவது பாகத்தோட சூறையன் செத்துட்டாரு மேடம். அதுக்கப்புறம் வர்றவன் எவனோ அவரு வேஷம் போட்டுக்கினு வர்றான். அந்த நெனப்புலதான் அத்தனையும் பாக்கறேன். நிம்மதியா இருக்குது” என்றார்.

“இது எவ்வளவு நாளா?”

“நாலாவது பாகத்துல இருந்து.”

அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். நிம்மதியாக இருப்பவர்களுக்குக் கூடுதல் சிகிச்சை தேவைப்படும் என்று மைதிலி சொன்னார்.

வேலுமணியின் முறை வந்தது.

“கடைசிக் கேள்வி ஒண்ணுதான். நடக்காத பாகத்தை நீங்க பார்த்தீங்களா?”

“இல்லீங்க.”

மைதிலி நிமிர்ந்தார். காலையிலிருந்து எல்லோரும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். சொல்லும்போது எல்லோருக்கும் குரல் உடைந்தது அல்லது பார்வை எங்கேயோ போனது. இந்த ஆளுக்கு எதுவும் ஆகவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“பாக்கவே இல்லீங்க. மேடம், ஒரு போட்டோ விசயமாத்தான்…”

மைதிலி எழுந்து நின்று கைதட்டினார். “இவ்வளவு சுத்தமா மறந்த ஒருத்தரை நான் எந்த முகாம்லயும் பார்க்கலை. சார், இங்க வாங்க சார்!”

வேலுமணியை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். முன்மாதிரி ரசிகர் என்று சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் சென்னையிலிருந்து வந்திருந்த தொடர்ச்சி அலுவலர் கௌசிக் இருந்தார். இருபத்தாறு வயது இருக்கும். நல்ல பையன்போலத்தான் தெரிந்தார்.

முதலில் குருமூர்த்தி பேசினார். “என் உயிரினும் மேலான உறவுகளே! அந்தப் படத்தை நான் பதினேழு தடவை பாத்தவன். இன்னைக்குக் கேட்டுப் பாருங்க, ஒரு தடவைகூடப் பாக்கல! இதுதாங்க விசுவாசம். கண்ணால பாத்ததை நம்பறதுக்கு எவனால வேணும்னாலும் முடியும். கம்பெனி சொன்ன பின்னாடி கண்ணை நம்பாம இருக்கறவன்தான் ரசிகன்!”

விசில் பறந்தது. கௌசிக் மைக்கை வாங்கினார்.

“நீங்க இருபது வருஷமா எங்களோட இருக்கீங்க. அதனாலதான் உங்களைக் கேட்காமலே இந்த முடிவை எடுக்க முடிஞ்சது. புது ரசிகனா இருந்தா கேட்டே ஆகணும், அவன் போயிடுவான். நீங்க எங்க போவீங்க?”

கூட்டம் கைதட்டியது.

“படம் எங்களுது. அதைப் பார்த்த ஞாபகம் உங்க தலைக்குள்ள இருக்கு. ஆனா அதுவும் எங்களுதுதான். இத்தனை வருஷம் அதை நீங்க பத்திரமா வெச்சிருந்தீங்க. அதுக்கு நன்றி. இப்ப திருப்பிக் கேட்கறோம், அவ்வளவுதான். இதுல கோபப்பட என்ன இருக்கு?”

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். தங்களைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக யாரும் இதுவரை பேசியதில்லை என்பதால் இருக்கலாம்.

அடுத்து முன்மாதிரி ரசிகர் பேசுவார் என்றார்கள். வேலுமணி மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாதவர். உளி பிடிப்பதுபோல் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மூணாம் பாகம் பாக்கலீங்க.”

அந்த எண்ணைக் கேட்டதும் முன்வரிசை நெளிந்தது.

“அன்னைக்குச் சடையனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேனுங்க. அதான் பாக்கல. இப்ப அந்தப் படமே வரலைங்கறீங்க. செரிங்க. படம் வரலைன்னா கட்டவுட்டு வெச்சிருக்க மாட்டோம். கட்டவுட்டு இல்லைன்னா மாலையும் இல்லீங்க. அப்பச் சடையன் ஏறவே இல்லீங்களே. எங்கீங்க இருக்கறான் அவன்? எடத்தைச் சொன்னீங்கன்னா நானே போய்க் கூட்டிட்டு வந்துருவேன். ராசாத்தி ஊட்ல காத்துட்டு இருக்குது.”

மைக்கில் அதற்குமேல் சத்தம் வரவில்லை. யாரோ வயரைப் பிடுங்கியிருந்தார்கள்.

வேலுமணியை மேடைக்குப் பின்னால், சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். குருமூர்த்தியின் முகம் கன்றிப் போயிருந்தது. “போட்ட சால்வைக்காவது ஒரு மரியாதை வேண்டாமாடா?” என்றார். கௌசிக் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்தார்.

“அவர் கேட்டது நியாயமான கேள்வி சார். இது தொடர்ச்சியில ஒரு ஓட்டை. இதையெல்லாம் அடைக்கத்தான் நாங்க இருக்கோம்.” கொஞ்ச நேரம் தட்டினார். “அவரை நாலாம் பாகத்துக்கு மாத்திடலாம்.”

“எப்படிங்க மாத்தறது?” என்றார் வேலுமணி.

“நாலாம் பாகம் ரிலீசுக்குத் தவறினதா வெச்சுக்கலாம். அதே கட்டவுட், அதே மாலை. எதுவும் வீணாகாது.”

குருமூர்த்திக்கு முகம் தெளிந்துவிட்டது. “நாலாம் பாகத்துக்கு நம்ம மாவட்டத்துல தியாகியே கெடையாதுங்க சார். எடம் காலியாத்தான் கெடக்குது.”

“நாலாம் பாகம் வந்தது ஒன்றரை வருசம் கழிச்சுங்களே” என்றார் வேலுமணி.

“ஆமா. அப்ப அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயுசு கூடுது” என்றார் கௌசிக். “கம்பெனி தர்றது. இதுவரைக்கும் எந்த ரசிகருக்கும் நாங்க இப்படிச் செஞ்சதில்லை.”

“வெள்ளிக்கெழம அவனுக்குத் திதிங்க.”

“இனிமே வெள்ளிக்கிழமை எதுவும் இல்லை. அவரோட வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சம்மதம் வாங்கிட்டு வந்துடுங்க. புது எழுத்தோட மாட்டிடுவோம்.”

“செரிங்க, அந்த போட்டோ இப்ப எங்க?”

சமையல்கட்டில் ஒருவன் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி எடுத்துக்கொண்டிருந்தான். பச்சடி வாளியின் மேல் மூடியாகக் கிடந்ததை ஒவ்வொரு தடவையும் தூக்கி எடுத்துவிட்டு மறுபடி மூடினான். அது கண்ணாடிச் சட்டம் போட்டது. சிவப்பு விளக்கின் வயர் ஒரு முனையில் தொங்கியது. மூன்றாவது தடவை அவன் தூக்கியபோது கண்ணாடிக்குள் சடையன் சிரித்துக்கொண்டிருப்பதை வேலுமணி பார்த்தார்.

எழுந்து போய் அதை வாங்கினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தயிரைச் சால்வையால் துடைத்தார். சால்வையை வாளியின் மேல் போட்டு மூடினார்.

குருமூர்த்தி வாசலை மறித்தார். “டேய், அது மன்றத்துச் சொத்து. வெளிய போகக் கூடாது.”

“வராத படத்துக்குச் செத்தவன் போட்டோ மன்றத்துல எப்படீங்க இருக்கும்?”

குருமூர்த்தி கௌசிக்கைப் பார்த்தார். கௌசிக் லேப்டாப்பைப் பார்த்தார்.

“தள்ளுங்க தலைவரே” என்றார் வேலுமணி. “இல்லைன்னா தோளாலயே தள்ளுவேன்.”

அவர் பலகை தூக்குகிறவர் என்பது குருமூர்த்திக்குத் தெரியும். தள்ளி நின்றார்.

எருமப்பட்டியில் ராசாத்தி வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வேலுமணி போட்டோவை மெஷின் மேல் வைத்துவிட்டு, கம்பெனி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். ராசாத்தி கேட்டுக்கொண்டே தைத்தாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஒன்றரை வருசம் கூட இருந்தாருங்கறாங்களா?”

“ஆமாம்மா.”

“அந்த ஒன்றரை வருசம் எங்க இருந்தாருன்னு கேட்டீங்களாண்ணா? ஊட்டுப் பக்கமே வல்லியே. புள்ள பொறந்துது, நடந்துது. ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமில்ல.”



அவள் சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை நெம்பினாள். அட்டையை எடுத்து, போட்டோவை உருவி வெளியே போட்டாள். “இங்க பாருங்கண்ணா” என்று சடையனின் கையைக் காட்டினாள். அவன் சுண்டுவிரலை இன்னொரு சுண்டுவிரல் பிடித்திருந்தது. மருதாணி வைத்த விரல். சூறையனின் பேன்ட் பாக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து முளைத்ததுபோல் இருந்தது. கல்யாணத்தில் மணவறையைச் சுற்றும்போது எடுத்த போட்டோ அது. பெண்ணை அழித்தவன் விரலை அழிக்க மறந்திருக்கிறான். பதினோரு வருடம் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்த வேலுமணி ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அங்கே எல்லோரும் சூறையனைத்தான் பார்த்தார்கள்.

“இது என் வெரலு” என்றாள். “வருசா வருசம் பஸ் புடிச்சு வந்தது இதுக்குத்தான்.”

மெஷின் பெட்டியிலிருந்து துணி வெட்டும் கத்திரியை எடுத்தாள். போட்டோவின் மேல்முனையிலிருந்து நேராக இறக்கினாள். சூறையனின் தலை, நெஞ்சு, பெல்ட் என்று போன கத்திரி சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மெதுவாக வளைந்து, விரலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. சூறையன் தனியாக மண்ணில் விழுந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புக்காக வேலுமணி இருபது வருடம் வரிசையில் நின்றிருக்கிறார்.

“வேணும்னா எடுத்துக்கங்கண்ணா” என்றாள் ராசாத்தி.

வேலுமணி குனிந்து அதை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம், மெஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத் துணிகளோடு போட்டார்.

“வேண்டாம்மா.”

ராசாத்தி மிச்சப் போட்டோவைத் தூக்கிப் பிடித்தாள். சடையன் இருந்தான், விரல் இருந்தது. ஆனால் அவன் தோளின் மேல் ஐந்து விரல்களோடு அந்தப் பெரிய கை அப்படியே இருந்தது.

“அதையும் எடுத்துருங்க. தோளு கொஞ்சம் போகும், பரவால்ல” என்றார் வேலுமணி.

ராசாத்தி கத்திரியைப் பெட்டிக்குள் போட்டாள்.

“இருக்கட்டுங்கண்ணா. புள்ள பெருசானா கேப்பா. அவங்கப்பனைத் தள்ளுனது எந்தக் கைன்னு காட்டோணுமில்ல.”